தடங்கலுக்கு வருந்துகிறோம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் வாழ்வின் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்துவிட்டது. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் தொடங்கிய அந்நிலையத்திற்கு 2025 ஆகஸ்டில் ஐம்பது வயது நிரம்பியது. ஒரு தலைமுறையின் மாலைப் பொழுதுகளையெல்லாம் தன் கையில் வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் பொன்விழா அது. எனினும் பெருந்துறையிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் அதைப்பற்றி எவரும் பேசியதாக என் செவிக்கு எட்டவில்லை. ஒரு வீட்டின் விழா ஊருக்குத் தெரியாமற்போனால், ஊர் அந்த வீட்டை மறந்திருக்க வேண்டும்; அல்லது அந்த வீடு ஊரை மறந்திருக்க வேண்டும். தூர்தர்ஷன் விஷயத்தில் நடந்தது எது என்று ஆராய்வது பயனுடையதாகும்.

தூர்தர்ஷனைப் பற்றி இருவகைப் பேச்சுகள் நம்மிடையே உலவுகின்றன. ஒன்று, அந்தக் காலம் போல வருமா என்னும் ஏக்கம். மற்றொன்று, அதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்னும் எள்ளல். ஏங்குவோர் அதன் குறைகளை மறந்துவிட்டனர். எள்ளுவோர் அது எதற்காகத் தோன்றியது என்பதையே மறந்துவிட்டனர். இரு சாராரும் திறனாய்வு செய்யவில்லை. பொதுமக்களின் பணத்தில், பொதுமக்களின் பெயரால் நடைபெறும் ஒரு கலைத் தொடர்பு நிறுவனத்தைத் திறனாய்வு செய்வது பொதுமக்களின் கடமையாகும். அக்கடமையை நாம் நெடுநாளாகச் செய்யவில்லை.

நாற்பது வயதைக் கடந்த வாசகர்களுக்கு ஒரு வாசகம் நினைவிருக்கும். படம் திடீரென்று மறையும். திரை முழுவதும் புள்ளிகள் பறக்கும். சிறிது நேரம் கழித்து, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்னும் எழுத்துகள் தோன்றும். நூற்றுக்கணக்கான அலைவரிசைகள் நிறைந்த இக்காலத்தில் எந்த அலைவரிசையும் நம்மிடம் வருத்தம் தெரிவிப்பதாகத் தெரியவில்லை. அந்த வாசகத்தில் ஒரு பணிவு இருந்தது. ஆனால் கோபுரத்திற்கும் பெட்டிக்கும் இடையே நேர்ந்த தடங்கலைச் சரிசெய்யப் பொறியாளர்கள் இருந்தார்கள். நிலையத்திற்கும் பார்ப்போருக்கும் இடையே இருந்த தடங்கலைச் சரிசெய்ய எவரும் அமர்த்தப்படவில்லை. தூர்தர்ஷன் பேசக் கற்றுக்கொண்ட அளவிற்குக் கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் கருத்து. அதன் பெருமையையும் வீழ்ச்சியையும் இந்த ஒன்றைக்கொண்டே விளக்கிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

உழவனுக்காகப் பிறந்த பெட்டி

இந்தியாவில் தொலைக்காட்சி பொழுதுபோக்கிற்காகத் தோன்றவில்லை. 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில், யுனெஸ்கோ நிறுவனத்தின் உதவியோடு, ஒரு சோதனை முயற்சியாக அது தொடங்கப்பட்டது. வாரத்தில் இருமுறை, சிறிது நேரமே ஒளிபரப்பு. ஆங்காங்கே மன்றங்களில் வைக்கப்பட்ட பெட்டிகளின்முன் மக்கள் கூடி அமர்ந்து பார்த்தார்கள். 1967-ஆம் ஆண்டு குடியரசு நாளன்று தில்லியைச் சுற்றியிருந்த 80 சிற்றூர்களுக்காக ‘கிருஷி தர்ஷன்’ என்னும் உழவர் நிகழ்ச்சி தொடங்கியது. 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி, உழவு, உடல்நலம் பற்றிய நிகழ்ச்சிகள் நேரடியாக அனுப்பப்பட்டன. மின்சாரமே சரியாக எட்டாத ஊர்களுக்கு வானத்திலிருந்து பாடம் இறங்கியதை உலகமே வியந்து நோக்கியது.

நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சென்னை நிலையம் எந்தச் சூழலில் பிறந்தது என்பதையும் மறத்தலாகாது. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஏழு வாரங்கள் கழித்துச் சென்னையில் தொலைக்காட்சி பிறந்தது. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த நாட்களில், அரசின் துறையொன்றாக அது கண்விழித்தது. 1977 பிப்ரவரியில் ஜெயப்பிரகாஷ் நாராயண் தில்லி ராம்லீலா திடலில் பேசவிருந்த ஞாயிறன்று, மக்கள் அங்குச் செல்லாதிருக்கும் பொருட்டு ‘பாபி’ என்னும் புகழ்பெற்ற திரைப்படம் ஒளிபரப்பப்பட்டது என்பர். மக்கள் படத்தை விட்டுவிட்டுத் திடலுக்கே திரண்டு சென்றார்கள். பொழுதுபோக்கைக் காட்டி மக்களின் வாயை அடைக்கலாம் என்ற எண்ணம் அன்று தோற்றது. ஆனால் அந்த எண்ணம் அன்றோடு மறைந்துவிடவில்லை.

மூன்று நிகழ்ச்சிகள்

தூர்தர்ஷனின் தமிழ் ஒளிபரப்பை மதிப்பிட மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம்: ‘வயலும் வாழ்வும்’, ‘ஒளியும் ஒலியும்’, ‘எதிரொலி’.

‘வயலும் வாழ்வும்’ என்ற பெயர் நகரத்தாருக்கு நகைப்புக்குரியதாயிற்று. சலிப்பூட்டும் எதையும் அப்பெயரால் குறிப்பிடும் வழக்கம்கூட ஏற்பட்டது. அந்நிகழ்ச்சியின் நடை மெதுவானதுதான். வேளாண் அலுவலர் ஒருவர் பாடநூல் தமிழில் உரங்களின் அளவைச் சொல்வார். அருகில் நிற்கும் உழவர், ‘ஆமாங்க’, ‘சரிங்க’ என்று தலையசைப்பார். எனினும் அதில் ஒரு மாண்பு இருந்தது. சேறு படிந்த கைகளும், வெடித்த பாதங்களும், நாற்றங்காலும் தொழுவமும் அரைமணி நேரம் திரையில் நிலைத்து நின்றன. தன் தொழிலைப் பற்றிப் பேசத்தகுந்த மனிதராக உழவர் அங்கே காட்டப்பட்டார். இன்று பல அலைவரிசைகளில் உழவரின் முகம் எப்போது தோன்றுகிறது? வெள்ளம் வந்தால் தோன்றுகிறது; வறட்சி வந்தால் தோன்றுகிறது; தேர்தல் வந்தால் தோன்றுகிறது. மஞ்சள் வேகவைக்கும் நாளில் எவரும் வருவதில்லை.

அதன் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அலுவலர் சொல்ல, உழவர் கேட்டார். உழவர் சொல்ல, அலுவலர் கேட்டதாக நான் பார்த்த நினைவு அரிது. தலைமுறை தலைமுறையாக மஞ்சளும் கரும்பும் தென்னையும் பயிரிட்டு வந்த குடும்பங்களிடம் அறிவு இல்லையா? மண்ணின் நிறத்தைப் பார்த்து நீரின் தேவையைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம் காடுகளில் இல்லையா? அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளவும் தொலைக்காட்சி வந்திருக்கலாம். அது கற்பிக்க மட்டுமே வந்தது.

அடுத்தது ‘ஒளியும் ஒலியும்’. வெள்ளிக்கிழமை மாலையில் சில திரைப்பாடல்கள், அவ்வளவே. அந்தச் சில பாடல்களுக்காக ஊர் காத்திருந்தது. கிடைத்தற்கரியதாக இருந்ததால் அதற்கு மதிப்பு இருந்தது. தெருவிலே ஒரே ஒரு பெட்டி இருந்த வீட்டின் கூடத்தில் முப்பது பேர் அமர்ந்து பார்த்த காலம் அது. கூரைமேல் ஒருவர் ஏறி, கொடைக்கானல் மலைக் கோபுரத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்புவார். கீழிருந்து ஒருவர், ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று குரல் கொடுப்பார். இந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லி நாம் மகிழ்கிறோம்.

ஆனால் அந்தக் கூடத்தில் எல்லாரும் அமர்ந்தார்களா? சிலர் பாயில் அமர்ந்தனர். சிலர் திண்ணையோடு நின்றனர். இன்னும் சிலர் தெருவில் நின்று சன்னல் கம்பிகளின் வழியே பார்த்தனர். யார் எங்கே நின்றார்கள் என்பதைச் சாதி முடிவு செய்தது. ‘எல்லாரும் ஒன்றாகப் பார்த்தோம்’ என்று எழுதுவோர் அந்தச் சன்னலுக்கு வெளியே நின்றவர்களைக் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது. ஊராட்சி மன்றங்கள் வைத்த பொதுத் தொலைக்காட்சிப் பெட்டி இதனாலேயே பெருமை உடையதாயிற்று. அதன்முன் அமர எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. ‘பொது’ என்னும் சொல்லின் முழுப் பொருளை அந்தச் சிறு அறைதான் நம் சிற்றூர்களுக்கு உணர்த்தியது. பின்னர் வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. பொது அறைகள் பூட்டப்பட்டன; சில இடங்களில் அவை பழம்பொருள் அடுக்கும் கிடங்குகளாயின.

மூன்றாவது ‘எதிரொலி’. பார்ப்போர் எழுதிய கடிதங்களைப் படித்து நிலையத்தார் விடையளிக்கும் நிகழ்ச்சி அது. அலங்காரம் ஏதுமில்லை, மேசை, நாற்காலி, கடிதக் கட்டு ஆகியவையே காட்சி. கடைக்கோடிச் சிற்றூரிலிருந்து ஒரு பள்ளி மாணவி அஞ்சலட்டையில் எழுதிய குறை, நாடெங்கும் கேட்கும்படி படிக்கப்படும். ‘இனிக் கவனிக்கிறோம்’ என்ற விடை பல வேளைகளில் வெறும் சடங்காகவே இருந்திருக்கலாம். ஆயினும் ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிய குறைகளைத் தன் திரையிலேயே படித்துக் காட்டியது என்பதை எண்ணிப் பாருங்கள். தூர்தர்ஷனின் தமிழ் நிகழ்ச்சிகளிலேயே ஆழமான கருத்தைக் கொண்டிருந்தது ‘எதிரொலி’தான் என்பேன். நாடகங்களும் திரைப்படங்களும் பெற்ற புகழ் அதற்குக் கிட்டவில்லை. அந்தச் சிறு சன்னல் ஒரு பெருங்கதவாக வளர்ந்திருந்தால், இந்த நிறுவனத்தின் வரலாறே வேறாக இருந்திருக்கும்.

எட்டரை மணிக்குமேல்

1982-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் தேசிய ஒளிபரப்பு தொடங்கியது. அதே ஆண்டு இறுதியில் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணத் தொலைக்காட்சியும் பரவியது. 1984-இல் நாளொன்றுக்கு ஒரு கோபுரம் என்னும் வேகத்தில் அஞ்சல் நிலையங்கள் எழுந்தன. நாடு முழுவதையும் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைக் காணச் செய்யலாம் என்பது அந்நாளைய பெருமிதம். இதனால் தமிழ்நாட்டில் நேர்ந்தது என்ன? மாலையில் தமிழ் பேசிய பெட்டி, இரவு எட்டரை மணியளவில் இந்திக்கு மாறியது. உழைத்துக் களைத்து வந்த மனிதர் உணவருந்திவிட்டு அமரும் நேரத்தில், அவருக்குப் புரியாத மொழியில் பெட்டி பேசிற்று.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஆர்.கே. நாராயண் சென்னையில் பிறந்தவர். அவர் கற்பனையில் எழுந்த மால்குடி, தென்னிந்தியச் சிற்றூரின் அச்சு. 1980-களின் பிற்பகுதியில் சங்கர் நாக் அக்கதைகளைக் கர்நாடக மாநிலம் ஆகும்பேயில் படமாக்கினார். தூர்தர்ஷன் அளித்த சிறந்த படைப்புகளுள் ஒன்று அது. ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் அமரும் தாத்தாவும், நம் தெருவில் ஓடும் சிறுவனும் திரையில் இந்தி பேசினார்கள். நம்முடைய முகத்தை நமக்கே அயல்மொழியில் காட்டிய விந்தை அது. ஒருமைப்பாடு என்பது ஒரே குரலில் பேசுவது என்று தில்லி எண்ணியது. பல குரல்களையும் கேட்பதே ஒருமைப்பாடு என்பதை அது உணரவில்லை.

இதனால் தில்லி ஒளிபரப்பை முற்றிலும் தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. பீஷ்ம சாஹ்னியின் புதினத்தைக் கோவிந்த் நிஹலானி ‘தமஸ்’ என்னும் பெயரில் படமாக்க, 1988-இல் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்பியது. நாட்டுப் பிரிவினையின்போது மூண்ட மதக் கலவரத்தின் கொடுமையை மூடிமறைக்காமல் காட்டிய படைப்பு அது. தடை கோரி வழக்குத் தொடுக்கப்பட்டது, உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. இலாபத்தை மட்டும் நோக்கும் எந்த நிறுவனமும் அன்று அத்துணிவைக் காட்டியிருக்குமா என்பது ஐயமே.

1987 ஜனவரியிலிருந்து ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு ‘இராமாயணம்’ ஒளிபரப்பானது. அதைத் தொடர்ந்து ‘மகாபாரதம்’ வந்தது. தெருக்கள் வெறிச்சோடின. நம் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல; ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்கு வந்தவர்கள் மறையுரையின்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்ட காலம் அது! காப்பியங்களின் ஆற்றல் அத்தகையது. ஆனால் அந்த ஞாயிறுகளில் நிலையத்தார் கற்றுக்கொண்ட பாடம் வேறு. எத்தனை கோடிப் பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினார்கள். அந்த எண்ணிக்கையை விளம்பரதாரருக்கு விற்கத் தொடங்கினார்கள். எண்ணிக்கை என்னும் அளவுகோலைக் கையில் எடுத்தபின், ஊராட்சி அறையில் அமர்ந்திருந்த உழவர் சிறுத்துப்போனார். அவர் எதையும் பெரிதாக வாங்கக்கூடியவர் அல்லரே!

இரு தலைவர்கள்

ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் உரிமம் பெற வேண்டியிருந்தது. அஞ்சல் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தியதை நம் பெற்றோர் நன்கு அறிவர். 1980-களின் நடுவில் அக்கட்டணம் நீக்கப்பட்டபோது அனைவரும் மகிழ்ந்தோம். அத்துடன் நம்மிடமிருந்து வேறொன்றும் நழுவிப்போயிற்று. நேரடியாகப் பணம் செலுத்தியவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனத்தை அந்நாட்டு மக்கள் இன்றும் உரிமையோடு கண்டிப்பதற்கு, அவர்கள் செலுத்தும் உரிமக் கட்டணமும் ஒரு காரணமாகும். நம் நாட்டில் செலவின் ஒரு பங்கை அரசு தந்தது. மற்றொரு பங்கை விளம்பரதாரர் தந்தனர். நிறுவனத்திற்குத் தலைவர்கள் இருவர் ஆயினர். பார்ப்போர் அவ்விருவருள் ஒருவராகவும் இல்லை.

சட்டம் இதை உணராமலில்லை. 1978-இல் வர்கீஸ் குழு, ஒளிபரப்பைத் தன்னுரிமை பெற்ற ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. 1990-இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது; ஆனால் ஏழாண்டுகள் அது உறங்கியது. 1995 பிப்ரவரி 9 அன்று உச்சநீதிமன்றம், வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 1997-இல்தான் பிரசார் பாரதி நடைமுறைக்கு வந்தது. செய்திகளை உரிமையோடும் உண்மையோடும் நடுநிலையோடும் அறியும் குடிமக்களின் உரிமையைக் காப்பது அதன் கடமை என்று சட்டமே கூறுகிறது. உழவு, கல்வி, ஊரக மேம்பாடு, சிறுபான்மையோர், பழங்குடியினர், பல்வேறு வட்டாரங்களின் மொழிகள் ஆகியவற்றையும் அது குறிப்பிடுகிறது. படித்தால் நெஞ்சம் நிறைகிறது. ஆயினும் பணத்திற்கு நடுவணரசின் கையை எதிர்நோக்கி, அதே அரசின் ஆணைகளுக்கும் உட்படும் ஒரு நிறுவனம் எந்த அளவிற்குத் தன்னுரிமை பெற முடியும்? எந்தக் கட்சி ஆண்டாலும் தூர்தர்ஷன் செய்தியில் ஆளுங்கட்சியின் முகமே பெரிதாகத் தெரிந்தது என்பதை நாமனைவரும் அறிவோம்.

இதற்கிடையே 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. தமிழிலேயே பேசும் அலைவரிசை வந்ததும், எட்டரை மணிக்குமேல் தமிழர்களைக் கைவிட்ட தூர்தர்ஷனை விட்டுத் தமிழர்கள் நகர்ந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல இயலாது. பின்னர் கட்சிகளைச் சார்ந்த அலைவரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 2006-க்கும் 2011-க்கும் இடையே தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கியது. பெட்டிக்கு விலை இல்லை. ஆனால் கேபிள் இணைப்புக்கு மாதந்தோறும் வாடகை உண்டு. பொதுப் பணத்தில் வந்த பெட்டி, தனியார் கடைக்கு வாடிக்கையாளரைச் சேர்த்தது. இன்று ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு செய்தி உண்டு. ஒரு நிகழ்வின் உண்மையை அறிய நான்கு அலைவரிசைகளைப் பார்த்து, நான்கையும் கழித்துப் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறோம். ஷோபனா ரவியும் வரதராஜனும் தெளிவான தமிழில் செய்தி வாசித்த நாட்களை மக்கள் நினைவுகூர்வது அவர்களின் குரலுக்காக மட்டுமன்று. கூச்சலற்ற செய்தி ஒன்றுக்காக மனம் ஏங்குகிறது.

தூர்தர்ஷனோ, 2004 டிசம்பரில் மாதக் கட்டணமற்ற வீட்டுக்கூரை ஒளிபரப்பைத் தொடங்கியது. இன்று ‘ஃப்ரீ டிஷ்’ எனப்படும் அச்சேவை நாடெங்கும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களில் உள்ளதாக மதிப்பிடப்படுகிறது. இது பாராட்டுக்குரிய பணியே. ஆயினும் அதில் இடம்பெறத் தனியார் அலைவரிசைகள் ஏலத்தில் போட்டியிடுகின்றன. அந்த ஏலப்பணம் நிறுவனத்தின் பெரும் வருவாயாகிவிட்டது. மறுபுறம், தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்கள், ஏறத்தாழ ஐம்பது நீங்கலாக, 2022-க்குள் நிறுத்தப்பட்டன. கூரைமேல் ஏறி ஆன்டெனா திருப்பிய காலம் முடிந்தது. சந்தை நடத்துவதற்கு இடம் தரும் உரிமையாளராகத் தூர்தர்ஷன் மாறிவருகிறது. அந்தச் சந்தையில் அதன் சொந்தக் கடையில் கூட்டமில்லை.

கேட்பவனே பேசத் தகுந்தவன்

வேறு வழி இருந்ததா? இருந்தது. குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்தில், 1975-இல் பீஜ் என்னும் ஊரில் சிறு ஒளிபரப்புக் கோபுரம் ஒன்று நிறுவப்பட்டது. அந்த மாவட்டத்து மக்களுக்காக, அவர்கள் பேசும் வழக்கிலேயே நிகழ்ச்சிகள் தயாராயின. பால் கூட்டுறவு, கூலி, தீண்டாமை ஆகியவற்றைப் பற்றி ஊர்மக்களே பேசினர்; நடித்தனர்; தயாரிப்பாளர்கள் ஊர்களுக்குச் சென்று கேட்டறிந்து எழுதினர். ஊரகத் தொடர்புக்காக யுனெஸ்கோ வழங்கிய பரிசு அத்திட்டத்திற்குக் கிடைத்தது. உலகம் பாராட்டிய அந்த முறை, நாட்டின் பிற மாவட்டங்களுக்குப் பரவவில்லை. தேசிய ஒளிபரப்பு என்னும் பேரொலியில் மாவட்டத்தின் மெல்லிய குரல் மூழ்கிப்போயிற்று.

அப்படி ஒரு ஒளிபரப்பு நம் கொங்கு நாட்டில் இருந்தால் அதன் பயன் என்ன? கீழ்பவானிக் கால்வாயை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கால்வாய், ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 இலட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் நிலத்திற்கு நீர் தருகிறது. அதற்குக் கான்கிரீட் தளம் அமைக்கும் திட்டம் வந்தபோது நம் உழவர்களே இரண்டாகப் பிரிந்தனர். கடைமடைக்கு நீர் சேரவேண்டும் என்றார்கள் ஒரு சாரார். கசிவுநீர் நின்றுவிட்டால் எங்கள் கிணறுகள் வற்றிவிடும் என்றார்கள் மற்றொரு சாரார். பெருந்துறைப் பகுதியில் போராட்டங்கள் நடந்தன. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. இரு சாராரும் நம் உறவினர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு.

இத்தகைய வேளையில், கட்சிக் கொடியற்ற ஒரு பொது மேடை எவ்வளவு இன்றியமையாதது! கடைமடை உழவரும் கசிவுநீர் உழவரும் பொறியாளரும் ஒரே கூடத்தில் அமர்ந்து, ஒருவர் பேச மற்றவர் கேட்கும் ஒரு மணி நேர நிகழ்ச்சி, வாரந்தோறும் ஓராண்டு நடைபெறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றின் நீர்மட்டத்தைக் காமிரா காட்டட்டும். கடைமடையின் காய்ந்த மதகையும் காட்டட்டும். நான்கு நிமிடச் சண்டையாக அதைக் காட்டும் அலைவரிசைக்குப் பார்ப்போர் கிடைப்பர். ஆனால் அந்த மக்கள் மறுநாளும் ஒரே வாய்க்காலின் கரையில்தானே வாழ வேண்டும்? பெருந்துறைச் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலத்தடி நீர் கெடுவது பற்றி எழும் முறையீடுகளுக்கும் இது பொருந்தும். அங்கே வேலை பார்ப்பவரும் நம்மவர். கெட்ட நீரைப் பற்றி முறையிடுபவரும் நம்மவர்.

திருச்சபை 1971-இல் வெளியிட்ட சமூகத் தொடர்பு ஏடு, தொடர்பு என்பது கருத்துகளை வெளியிடுவதற்கும் மேலானது. அதன் ஆழத்தில் அன்பினால் தன்னையே வழங்குதல் என்று விளக்குகிறது. இதை இறையியல் வகுப்பறைக்குரிய கருத்தென்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு தொலைக்காட்சி நிலையத்திற்கு அது எளிய ஓர் அளவுகோலைத் தருகிறது: நீ யாரிடம் பேசுகிறாயோ, அவரை நீ கேட்டாயா? தொலைக்காட்சியின் பாதுகாவலியாகப் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தவர் அசிசி நகர்ப் புனித கிளாரா என்பதை அறிவோம். நோயுற்றுப் படுத்திருந்த அவர், கோவிலுக்குச் செல்ல இயலாத கிறிஸ்து பிறப்பு இரவில், அங்கு நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார் என்பது மரபு. இக்கலைக்குப் பாதுகாவலி, எழுந்து நடக்க இயலாத ஒரு பெண்! வெளியே செல்ல வழியற்றவருக்கே தொலைக்காட்சி முதலில் உரியது என்பதை இதைவிட அழகாக எவர் உணர்த்த முடியும்?

யார் பார்ப்பார்கள்?

‘எவரும் பார்க்காத ஒன்றுக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு? அதை மூடிவிடலாமே’ என்று படித்த அன்பர்கள் சிலர் கேட்கின்றனர். நியாயவிலைக் கடையில் நாம் அரிசி வாங்காமலிருக்கலாம்; அதனால் அதை மூடவேண்டும் என்று சொல்வோமா? அரசுப் பள்ளிக்கு நம் பிள்ளைகளை அனுப்பாமலிருக்கலாம். அதனால் பள்ளி வேண்டாமென்போமா? அரிசி தரமற்றதாயின் கடையை மூடச் சொல்வதில்லை. நல்ல அரிசி கேட்கிறோம். தொலைக்காட்சியிடம் மட்டும் நாம் எதையும் கேட்கவில்லை. ரிமோட்டை அழுத்தி விலகிப்போனோம்.

‘இன்று கைப்பேசியில் எவரும் பேசலாமே’ என்பது மற்றொரு மறுப்பு. உண்மைதான், யூடியூபில் உழவரும் நெசவாளரும் தாமே பேசுகின்றனர். இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் யாருடைய பேச்சு யாரிடம் சேரவேண்டும் என்பதை முடிவு செய்வது, நாம் அறியாத ஒரு வணிகக் கணக்கு. நமக்குப் பிடித்ததையே அது மீண்டும் மீண்டும் காட்டும். நமக்குப் பிடிக்காத அயலாரை நாம் கேட்கும்படி செய்ய அக்கணக்கிற்கு விருப்பமில்லை. அந்தப் பணி ஒரு பொது நிறுவனத்திற்கே உரியது.

2024 ஜனவரி 19 அன்று ‘பொதிகை’ என்னும் அழகிய பெயர் நீங்கி, ‘டிடி தமிழ்’ என்னும் பெயரோடு புதிய பொலிவில் அலைவரிசை தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று, சென்னை நிலையத்தில் நடந்த இந்தி மாத நிறைவு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடப்பட்டபோது ஒரு வரி விடுபட்டது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. நிலையம் வருத்தம் தெரிவித்தது. பலர் இதை அரசியலாக மட்டும் கண்டனர். எனக்கோ அதில் வேறொன்றும் தெரிந்தது. நெடுநாளாக எவரும் பார்ப்பதில்லை என்று சொல்லப்பட்ட ஒரு நிலையத்தின்மீது மக்களுக்கு ஏன் இத்தனை சினம்? நமக்கு உரியதல்லாத ஒன்றின்மீது நாம் சினம் கொள்வதில்லை. அது நம்முடையது என்னும் உணர்வு இன்னும் அவியவில்லை. மக்கள் உரத்துப் பேசியபோது நிலையம் செவிசாய்த்தது என்பதும் அன்று தெரிந்தது.

அந்த உரிமையைச் சினம் வரும் நாளில் மட்டும் பயன்படுத்துவது போதாது. பொதுநிலையினராகிய நீங்கள் படித்தவர்கள். அமைப்புகளில் பொறுப்பு வகிப்பவர்கள். அன்பியக் கூட்டங்களில் சாலைக்கும் குடிநீருக்கும் விண்ணப்பம் எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒளிபரப்புக்கும் ஒரு விண்ணப்பம் எழுதலாம். ‘எதிரொலி’யை மீண்டும் தொடங்குங்கள் என்று கேட்கலாம். மாதம் ஒருமுறையேனும் எங்கள் மாவட்டத்திற்கு வந்து எங்களைக் கேளுங்கள் என்று கேட்கலாம். நல்ல நிகழ்ச்சி ஒன்றைக் கண்டால் பாராட்டி எழுதலாம். அதற்கு ஆகும் செலவு ஓர் அஞ்சலட்டையின் விலையே. ஐம்பது ஆண்டுகளாக நிலையம் பேசியது, நாம் முணுமுணுத்தோம். தடங்கலுக்கு அவர்கள் மட்டும் வருந்தினால் போதாது. கூரைமேல் ஏறியவருக்குக் கீழிருந்து ஒருவர் குரல் கொடுத்ததால்தான் அன்று படம் தெளிந்தது.